பார்டர் தைராய்டும் கருமுட்டை வெளியாவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். வரியில் 5.6 என்றோ 6.8 என்றோ தடித்த எழுத்தில் இருக்கும். அதற்கு அடுத்த வரியில் டி4 இயல்பாகவே இருக்கும். “தைராய்டு பார்டரில் இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கும், மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகும் பெண்ணுக்கும் அந்த ஒரு எண் தூக்கத்தைக் கெடுக்கப் போதும். அது எவ்வளவு பெரிய விஷயம், எப்போது கவனிக்க வேண்டும், எப்போது வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“பார்டர் தைராய்டு” என்றால் சரியாக என்ன?

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கிறது. அது டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. அது அனுப்பும் உத்தரவுதான் டி.எஸ்.எச். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைகிறது என்று தோன்றினால் பிட்யூட்டரி உத்தரவைக் கூட்டும்.

பெரும்பாலான ஆய்வகங்கள் டி.எஸ்.எச். 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பு என்று வைத்திருக்கின்றன. இதைத் தாண்டி, ஆனால் 10-க்குள் இருந்து, டி4 இயல்பாகவே இருந்தால் அது லேசான குறைபாடு. மருத்துவர்கள் இதை சப்-கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்பார்கள். 10-ஐத் தாண்டினால் டி4 இயல்பாக இருந்தாலும் தயங்காமல் சிகிச்சை தொடங்குவது வழக்கம். டி4-உம் குறைந்துவிட்டால் அது முழுமையான குறைபாடு. அதன் கதை வேறு.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். டி4 ஒரு துளி இறங்கினாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறும். அதனால் 3 இருந்த டி.எஸ்.எச். 6 ஆகிவிட்டது என்றால், உடலில் தைராய்டு ஹார்மோன் பாதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சுரப்பி கொஞ்சம் சிரமப்படுகிறது, ஆனாலும் வேலையை முடித்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவுக்கு வரலாமா?

வேண்டாம். டி.எஸ்.எச். நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. இரவில் ஏறும், பகலில் இறங்கும். கடுமையான காய்ச்சலோ நோயோ வந்து தேறும் நேரத்திலும் சில வாரங்களுக்கு ஏறியிருக்கும். முடிக்கும் நகத்துக்கும் என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை பல ஆய்வகக் கருவிகளைக் குழப்பி, டி.எஸ்.எச்.ஐ உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். அதை டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்திவிடுங்கள்.

வழக்கமாக இரண்டு மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) இரண்டையும் சேர்த்து மறுபடி பார்ப்பார்கள். முதல் முறை லேசாக ஏறியிருந்தவர்களில் கணிசமானோருக்கு அது தானாகவே இறங்கியிருக்கும். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் அவ்வளவு காத்திருக்காமல் சில வாரங்களிலேயே பார்ப்பது நல்லது. முடிந்தவரை அதே ஆய்வகம், அதே காலை நேரம்.

கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம்?

முட்டை எப்படி வெளியாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு முறை என்ற கணக்கில், துடிப்பு துடிப்பாக ஒரு ஹார்மோனை விடுகிறது. அந்தத் துடிப்பைக் கேட்டு பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டை அனுப்புகிறது. எஃப்.எஸ்.எச். சினைப்பையில் முட்டைப் பையை வளர்க்கிறது. பை 2 செ.மீ. அளவுக்கு வளர்ந்ததும் எல்.எச். ஒரே அடியாகப் பொங்குகிறது. ஒன்றரை நாளுக்குள் பை வெடித்து முட்டை வெளியே வருகிறது. வெடித்த பையே அப்புறம் புரோஜெஸ்டிரோன் சுரந்து கருப்பையைத் தயார்ப்படுத்துகிறது. எல்லாம் தாளம் தப்பாமல் நடக்க வேண்டிய வேலை.

தைராய்டு குறைவு இந்தத் தாளத்தில் பல இடங்களில் கை வைக்க முடியும். முதல் வழி ப்ரோலாக்டின். தைராய்டு குறையும்போது ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச். என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது டி.எஸ்.எச்.ஐ மட்டுமல்ல, தாய்ப்பாலுக்கான ப்ரோலாக்டினையும் தூண்டிவிடும். ப்ரோலாக்டின் ஏறினால் மேலே சொன்ன துடிப்பு மந்தமாகும், எல்.எச். பொங்காது, முட்டை வெடிக்காது. பால் கொடுக்கும் தாய்க்குச் சில மாதங்கள் மாதவிடாய் வராமல் இருப்பதும் இதே வழியில்தான்.

இரண்டாவது வழி சினைப்பையிலேயே இருக்கிறது. முட்டையைச் சுற்றியிருக்கும் செல்களில் தைராய்டு ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. டி3 அங்கே எஃப்.எஸ்.எச்.சுக்குத் துணையாக நின்று பையை வளர்க்கிறது. துணை குறைந்தால் வளர்ச்சி தளரலாம், பின்பாதியில் புரோஜெஸ்டிரோனும் குறையலாம்.

மூன்றாவது, கல்லீரல். பாலின ஹார்மோன்களை ரத்தத்தில் கட்டிச் சுமக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறது. தைராய்டு குறைந்தால் அந்தப் புரதம் குறையும். அப்போது கட்டப்படாமல் திரியும் டெஸ்டோஸ்டிரோனின் பங்கு கூடி, சுழற்சியின் சமநிலை மாறும்.

இந்த மூன்றும் தெளிவாகத் தெரிவது முழுமையான குறைபாட்டில்தான். லேசான குறைபாட்டில் இவற்றின் நிழல் மட்டும் விழலாம்; பல பெண்களிடம் அதுவும் விழுவதில்லை. இணையத்தில் படிப்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். முழுமையான குறைபாட்டைப் பற்றி எழுதியதை லேசான குறைபாட்டுக்குப் பொருத்திப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

அப்படியென்றால் என் 5.8-தான் முட்டை வெடிக்காததற்குக் காரணமா?

அது மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம். டி.எஸ்.எச். 5, 6 என்று இருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, முட்டை வெளியாகிறது, கருவும் தங்குகிறது. டி.எஸ்.எச். ஏற ஏற, குறிப்பாக 10-ஐ நெருங்க நெருங்க, தைராய்டின் மேல் சந்தேகம் வலுக்கும். ப்ரோலாக்டினும் சேர்ந்து ஏறியிருந்தால் இன்னும் வலுக்கும்.

ஆகவே 5.8 உள்ள ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாதவிடாய் வருகிறது என்றால், தைராய்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நீர்க்கட்டிப் பிரச்சினையா, ப்ரோலாக்டினா, திடீரென எடை கூடியதா குறைந்ததா, கடும் உடற்பயிற்சியா, மன அழுத்தமா, முட்டை இருப்பு குறைந்துவிட்டதா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

மாதவிடாய் மாதாமாதம் சரியாக வருகிறது. முட்டையும் வெளியாகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் ஆம். 24 முதல் 38 நாளுக்குள், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தால் முட்டை வெளியாகிறது என்றே நம்பலாம். உறுதி வேண்டுமென்றால் அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு புரோஜெஸ்டிரோன் பாருங்கள். மில்லி லிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது.

இதை “21-ஆம் நாள் டெஸ்ட்” என்று சொல்வதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். 28 நாள் சுழற்சிக்குத்தான் அது 21-ஆம் நாள். 35 நாள் சுழற்சி உள்ளவர் 28-ஆம் நாள் பார்க்க வேண்டும். 21-ஆம் நாளே பார்த்துவிட்டு “முட்டை வரவில்லை” என்று அழுதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முட்டை அன்றைக்குத்தான் வெளியாகிக்கொண்டிருந்திருக்கும்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுக்கும் ஃபாலிக்குலர் ஸ்கேனிலும் பை வளர்ந்து வெடிப்பதைப் பார்க்கலாம். வீட்டில் செய்யும் கிட் எல்.எச். பொங்குவதைத்தான் காட்டும், நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே கொஞ்சம் ஏறியிருப்பதால் அது தவறாகச் சொல்லலாம்.

ஆன்டிபாடி டெஸ்ட் எதற்கு எழுதிக் கொடுக்கிறார்கள்?

தைராய்டு ஏன் தளர்கிறது என்று தெரிந்துகொள்ள. உணவில் அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் இதற்கு முக்கியக் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவது. 1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் முதலில் விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. தைராய்டைக் குறிவைக்கும் எதிர்ப்புப் புரதமான டி.பி.ஓ. ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் இந்தத் தாக்குதல் நடக்கிறது என்று அர்த்தம்.

இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் மக்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. டி.எஸ்.எச். மட்டும் ஏறியிருந்த பெண்களில் ஆண்டுக்கு 100 பேரில் இரண்டு மூன்று பேருக்கும், ஆன்டிபாடியும் சேர்ந்திருந்தவர்களில் நான்கு பேருக்கும் முழுமையான குறைபாடாக மாறியது. ஆகவே ஆன்டிபாடி இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறையாவது டி.எஸ்.எச். பார்ப்பதை விடாதீர்கள்.

கருச்சிதைவும் ஆன்டிபாடி உள்ளவர்களிடம் சற்று அதிகமாகத் தெரிகிறது. அப்படியானால் தைராய்டு மாத்திரை கொடுத்துத் தடுத்துவிடலாமே என்று பிரிட்டனில் 952 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஆன்டிபாடி இருந்தது, தைராய்டு அளவு இயல்பு. முன்பு கருச்சிதைவோ குழந்தைப் பேற்றில் தாமதமோ இருந்தவர்கள். பாதிப் பேருக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லா மாத்திரை. 2019-இல் முடிவு வெளியானது: குழந்தை பெற்றவர்கள் முதல் குழுவில் 37.4 சதவீதம், இரண்டாவது குழுவில் 37.9 சதவீதம். வித்தியாசமே இல்லை. டி.எஸ்.எச். இயல்பாக இருக்கும்போது, ஆன்டிபாடிக்காக மட்டும் மாத்திரை எடுப்பதில் பலன் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எனக்கு நீர்க்கட்டியும் இருக்கிறது, தைராய்டும் இருக்கிறது. எதைக் குறை சொல்வது?

இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து இருப்பது சாதாரணம். பி.சி.ஓ.எஸ். எனப்படும் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களிடம் ஹஷிமோட்டோ வகை தைராய்டு பிரச்சினை மற்றவர்களைவிட அதிகம். தவிர, மாதவிடாய் தள்ளிப் போவது, எடை கூடுவது, முடி உதிர்வது, சோர்வு என்று அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் பி.சி.ஓ.எஸ். என்று முத்திரை குத்துவதற்கு முன் டி.எஸ்.எச்., ப்ரோலாக்டின் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்பது விதி. கடுமையான தைராய்டு குறைபாட்டில் சினைப்பையே வீங்கிக் கட்டிகளோடு தெரியும்; தைராய்டைச் சரிசெய்தால் அது அடங்கிவிடும்.

ஆனால் டி.எஸ்.எச். லேசாக மட்டும் ஏறியிருந்து, முகத்தில் முடி, பரு, ஸ்கேனில் நிறையச் சின்னச் சின்னப் பைகள், வயதுக்கு வந்த நாள் முதலே ஒழுங்கற்ற மாதவிடாய் என்றெல்லாம் இருந்தால், முட்டை வெடிக்காததற்குப் பெரிய பங்கு பி.சி.ஓ.எஸ்.சுடையது. தைராய்டு மாத்திரை அதைச் சரிசெய்யாது. அதற்கென்று லெட்ரோசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

ப்ரோலாக்டினும் கூடியிருக்கிறது. மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

டி.எஸ்.எச்.சும் கணிசமாக ஏறியிருந்தால் அவசரப்பட வேண்டாம். முதலில் தைராய்டைச் சரிசெய்து ப்ரோலாக்டினை மறுபடி பாருங்கள். பல சமயம் அதுவும் கூடவே இறங்கிவிடும். வாந்திக்கும் மனநலத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் ப்ரோலாக்டினைக் கூட்டும் என்பதால் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள். தலைவலி, பார்வைக் குறைவு இருந்தாலோ, ப்ரோலாக்டின் மிக அதிகமாக இருந்தாலோ தாமதிக்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே வந்தால்தான் கரு தங்கும் என்கிறார்களே?

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் மனம் லேசாகும். 2011-இல் அமெரிக்கத் தைராய்டு சங்கம், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். உச்ச வரம்பு 2.5 என்று சொன்னது. அது மெல்ல மெல்ல, கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும் எல்லோருக்கும் பொருந்தும் விதிபோலப் பரவிவிட்டது. 2017-இல் அதே சங்கம் அந்த வரம்பைத் தளர்த்தி, அந்தந்த மக்கள்தொகைக்கென்று வரம்பு இல்லாத இடத்தில் ஏறக்குறைய 4 வரை ஏற்கலாம் என்றது.

டி.எஸ்.எச். 2.8, 3.2 என்று இருக்கும் பெண்ணுக்கு முட்டை வெளியாவதில் அதனால் தடங்கல் வராது. மாத்திரை எடுத்து 2.5-க்குள் கொண்டுவந்தால் முட்டை நன்றாக வரும் என்பதற்கும் சான்று இல்லை. 2.5 இன்றைக்கும் பொருந்துவது, ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது வைத்துக்கொள்ளும் இலக்காக. லேசான குறைபாடு உள்ளவர்கள் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சை) செய்துகொள்ளும்போதும் அதே இலக்குதான். ஐ.வி.எஃப். ஊசிகளால் ஈஸ்ட்ரோஜன் மிகவும் ஏறும்; அப்போது தைராய்டின் தேவையும் கூடும்.

லேசான குறைபாட்டுக்கு மாத்திரை தேவையா, இல்லையா?

இது உங்கள் நிலையைப் பொறுத்தது. குழந்தைத் திட்டம் இப்போதைக்கு இல்லை, மாதவிடாய் ஒழுங்கு, டி.எஸ்.எச். 5 அல்லது 6 என்றால், கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறீர்கள், இரண்டு டெஸ்ட்டிலும் டி.எஸ்.எச். இயல்பைத் தாண்டியிருக்கிறது என்றால், 25 அல்லது 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் (தைராய்டு மாத்திரை) தொடங்குவதையே நான் ஆதரிப்பேன். முட்டையை வெடிக்க வைக்கும் என்பதற்காக அல்ல. இயற்கையாகக் கருத்தரிக்க அது உதவும் என்பதற்குச் சான்று பலவீனமானது. கர்ப்பம் வந்ததும் தைராய்டின் வேலை ஏறக்குறைய பாதி கூடிவிடும், ஏற்கெனவே சிரமப்படும் சுரப்பியால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். அந்த முதல் வாரங்களுக்கான முன்னேற்பாடு இது. சரியான அளவில் எடுத்தால் ஆபத்தில்லாத மருந்து. அளவு மிஞ்சினால் படபடப்பு வரும், அப்படியே ஆண்டுக்கணக்கில் போனால் எலும்பும் தேயும்.

மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும்?

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அப்புறம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள். காபி, டீ கூட. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். டோஸ் மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டி.எஸ்.எச். பாருங்கள். இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் அதற்கு முன் பார்த்தால் எண் உண்மையைச் சொல்லாது.

மாத்திரை தொடங்கிவிட்டேன். முட்டை சரியாக வர எத்தனை மாதம் காத்திருக்கலாம்?

முட்டை வராததற்குத் தைராய்டே காரணமாக இருந்தால், டி.எஸ்.எச். இயல்புக்கு வந்த இரண்டு மூன்று மாதத்தில் மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்க வேண்டும். வரவில்லையென்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

“முதலில் தைராய்டு சரியாகட்டும், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்” என்று ஒரு வருடம், ஒன்றரை வருடம் போய்விடுவதுதான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்தப்படுத்துவது. 4.9-ஐ 2.4 ஆக்குவதற்காக டோஸை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் காத்திருந்து, கடைசியில் பார்த்தால் கருக்குழாயில் அடைப்பு இருந்திருக்கும். 27 வயதில் அந்த ஒரு வருடத்தைத் தாங்கிக்கொள்ளலாம். 37 வயதில் அது பெரிய இழப்பு. 35 வயதுக்குள் இருந்தால் ஒரு வருட முயற்சி, 35-ஐத் தாண்டினால் ஆறு மாதம். அதற்குமேல் போனால் முழுப் பரிசோதனை வேண்டும். மாதவிடாயே ஒழுங்கில்லாதவர்கள் அந்தக் கெடுவுக்கும் காத்திருக்க வேண்டாம். தைராய்டு சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், மற்ற பரிசோதனைகள் அதனுடனேயே நடக்கலாம். ஒன்று முடிந்துதான் மற்றது என்று இல்லை.

எடை கூடியதும் தைராய்டால்தானா?

லேசான குறைபாட்டால் கூடும் எடை மிகவும் சொற்பம். எடையால் முட்டை வெளியாவது பாதிக்கப்படுவது உண்மை. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது. ஆனால் எடையைக் குறைக்கத் தைராய்டு மாத்திரையைக் கூட்டிச் சாப்பிடாதீர்கள்.

அயோடின் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

நீங்களாக வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பத்தில் 250 வரை. அளவுக்கு மீறிய அயோடின், ஹஷிமோட்டோ உள்ள தைராய்டை இன்னும் அமுக்கிவிடும்.

கர்ப்பம் உறுதியானதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மாத்திரையை நிறுத்தாதீர்கள். “கர்ப்பத்தில் மாத்திரை எதற்கு” என்று பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். குழந்தையின் தைராய்டு போதுமான அளவு சுரக்கத் தொடங்குவது கர்ப்பத்தின் பாதிக்காலத்தை நெருங்கும்போதுதான். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு உங்கள் ஹார்மோன்தான்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, வாரத்துக்கு ஏழு மாத்திரை என்றிருந்ததை ஒன்பதாக்கச் சொல்வது வழக்கம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே இதை மருத்துவரிடம் பேசி வைத்துக்கொண்டால், இரண்டு கோடு தெரிந்த அன்றே தொடங்கிவிடலாம். அதன்பின் கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச்.

எனக்குத் தைராய்டு இருப்பதால்தான் குழந்தை இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

உங்களிடம் உள்ளது லேசான குறைபாடு என்றால், அப்படி யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. முட்டை வெளியாகாததே கருத்தரிக்காமைக்குக் காரணமாக இருப்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குத் தம்பதிகளிடம்தான். அதிலும் லேசான தைராய்டின் பங்கு மிகச் சிறியது. ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. உங்களுக்கு ரத்தம் எடுக்கும் அதே வாரத்தில் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் இருக்கும் பரிசோதனைகளிலேயே எளிமையானது அது. ஊசி இல்லை, வலி இல்லை, பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிவு வந்துவிடும்.